சுவாச வைரஸ் தொற்றின்போது உடல் திரவங்களில் நோயெதிர்ப்புப் புரதங்களை அளப்பது எப்படி?

லேசான இன்ஃபுளுவென்சா காய்ச்சல் கண்ட ஒருவரிடம், நோய் தொடங்கிய இரண்டாம் நாளில், மூக்குநீரையும் இரத்தத்தையும் ஒரே வேளையில் எடுத்து இன்டர்லூக்கின்-6 என்னும் புரதத்தை அளந்தால், மூக்குநீரில் அது மிக உயர்ந்தும் இரத்தத்தில் இயல்பு நிலையைச் சற்றே தாண்டியும் காணப்படலாம். இவற்றுள் எந்த எண் சரி என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டுமே சரிதான். வைரஸ் பெருகுவது மூச்சுப்பாதையின் மேற்படலச் செல்களில். அங்கே சுரக்கும் புரதங்களை மூக்குநீர் நேரடியாகக் காட்டுகிறது. இரத்தத்தில் நாம் காண்பதோ, அங்கிருந்து கசிந்து வந்த சிறு பகுதியும், அதற்கு எதிர்வினையாகக் கல்லீரலும் பிற உறுப்புகளும் வெளியிடும் புரதங்களும் ஆகும். ஆகவே ஒரு நோயாளியின் இன்டர்லூக்கின்-6 எவ்வளவு என்ற கேள்விக்கு, எந்தத் திரவத்தில், நோயின் எத்தனையாவது நாளில், எம்முறையில் எடுத்த மாதிரியில் என்பவற்றைச் சேர்க்காமல் விடை கூற இயலாது.

இத்தகைய அளவீட்டை ஆய்வகத்தில் புதிதாகத் தொடங்கும் மாணவர்களையும் இளம் ஆய்வாளர்களையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. நான் கண்ட தவறான முடிவுகளில் பெரும்பாலானவை அளவீட்டுக் கருவியில் உண்டானவை அல்ல. மாதிரியை எடுத்த கணத்துக்கும் உறைய வைத்த கணத்துக்கும் இடைப்பட்ட நேரத்தில் உண்டானவை. அதனால் அந்தப் பகுதிக்கே இங்கு அதிக இடம் தருகிறேன்.

எந்தப் புரதத்தை, எந்தக் கேள்விக்காக

மாதிரிக் குழாயைத் தொடுவதற்கு முன்பே, விடை காண விரும்பும் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். வைரஸை உடல் முதலில் எவ்வாறு எதிர்கொண்டது என்பது கேள்வியானால், தேட வேண்டியது, வைரஸ் தொற்றிய செல்கள் அக்கம்பக்கச் செல்களை எச்சரிக்கச் சுரக்கும் இன்டர்ஃபெரான்களை. 1957இல் லண்டனில் அலிக் ஐசக்ஸும் ஜீன் லிண்டன்மானும் கோழிக் கருவின் சவ்வில் இன்ஃபுளுவென்சா வைரஸை வைத்துச் செய்த ஆய்வில் கண்டறிந்த புரதங்கள் இவை. ஆல்ஃபா, பீட்டா வகைகளுக்கான ஏற்பிகள், அதாவது அவற்றைப் பற்றிக்கொள்ளும் செல்மேற்பரப்புப் புரதங்கள், உடலின் ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் உள்ளன. 2003இல் அறியப்பட்ட லாம்டா வகைக்கான ஏற்பிகளோ பெரும்பாலும் மேற்படலச் செல்களிலேயே இருக்கின்றன. எனவே மூச்சுப்பாதையை ஆராய்பவர்கள் லாம்டாவை விட்டுவிடக் கூடாது.

இன்டர்ஃபெரான் ஆல்ஃபா இரத்தத்தில் மில்லிலிட்டருக்குச் சில ஃபெம்டோகிராம் என்ற அளவில்கூட இருக்கக்கூடும் என்பதால், எதிர்ப்பொருள்களைக் கொண்டு புரதத்தை அளக்கும் வழக்கமான எலைசா முறை பல வேளைகளில் அதைக் காணவே காணாது. ஒற்றை மூலக்கூறுகளை எண்ணும் நுண்ணுணர்வுக் கருவி கையில் இல்லாதவர்கள், இன்டர்ஃபெரான் தூண்டிவிடும் புரதங்களை அளப்பதே பயனுள்ள வழி. ஐபி-10 என்னும் கீமோகைன் (வெள்ளணுக்களை அழைக்கும் புரதம்) அவற்றுள் ஒன்று. அது சீரத்திலும் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) மூக்குநீரிலும் எளிதாக அளக்கக்கூடிய அளவுக்கு உயரும். எம்எக்ஸ்ஏ மற்றொன்று. ஆனால் எம்எக்ஸ்ஏ வெள்ளணுக்களுக்கு உள்ளே தங்கும் புரதம் என்பதை மறந்து, சீரத்தில் தேடி ஏமாந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். முழு இரத்தத்தை எடுத்து, அணுக்களை உடைத்து, அந்தக் கரைசலில்தான் அதை அளக்க வேண்டும்.

நோயின் கடுமையை அறிவது கேள்வியானால், இன்டர்லூக்கின்-6, சி-ரியாக்டிவ் புரதம் ஆகிய இரண்டையும் சேர்த்தே பாருங்கள். முதலாவது கல்லீரலைத் தூண்டி இரண்டாவதைச் சுரக்கச் செய்கிறது. இன்டர்லூக்கின்-6 சில மணி நேரத்துக்குள் ஏறி இறங்கிவிடக்கூடியது. சி-ரியாக்டிவ் புரதமோ ஏறக்குறைய 19 மணி நேர அரைவாழ்வு கொண்டது என்பதால், தூண்டுதல் ஓய்ந்த பின்னும் சில நாட்கள் உயர்ந்தே நிற்கும். பாக்டீரியாத் தொற்றும் சேர்ந்துவிட்டதா என்ற ஐயம் இருந்தால், பாக்டீரியாத் தொற்றில் உயரும் புரோகால்சிட்டோனின் என்னும் இரத்தப் புரதம் துணை செய்யும்; வைரஸ் தொற்றில் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா அதன் உற்பத்தியை அடக்குவதால், வைரஸ் மட்டுமே காரணமான நோயில் அது பெரும்பாலும் தாழ்ந்திருக்கும். பெரும்பாலும் என்ற சொல்லை இங்கு வேண்டுமென்றே எழுதுகிறேன், ஏனெனில் மிகக் கடுமையான வைரஸ் நிமோனியாவிலும் சிறுநீரகம் பழுதடைந்தோரிடமும் அது உயர்வதுண்டு.

எதிர்ப்பொருள்களில், சளிச்சவ்வுகளைக் காக்கும் வகையான ஐஜிஏவைப் பற்றி ஒரு நுட்பத்தைக் கவனத்தில் கொள்ள வேண்டும். இரத்தத்தில் உள்ள ஐஜிஏ பெரும்பாலும் ஒற்றை அலகு. உமிழ்நீரிலும் மூக்குநீரிலும் உள்ளதோ இரண்டு அலகுகள் இணைந்தது. மேற்படலச் செல்லைக் கடந்து வெளிவரும்போது அந்தச் செல்லின் ஏற்பியில் ஒரு துண்டையும் சுரப்புக் கூறாகத் தன்னோடு சேர்த்துக்கொண்டு வருவது. சளிச்சவ்வின் பாதுகாப்பை அறிய விரும்புவோர் அந்தச் சுரப்புக் கூறை இனம் காணும் சோதனையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈறிலிருந்து கசிந்த இரத்தத்தின் ஐஜிஏவையும் சளிச்சவ்வின் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

எதிர்ப்பொருள்கள் எப்போதும் வைரஸுக்கு எதிராகவே இருப்பதில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2020இல் வெளியான ஓர் ஆய்வில், உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்த 987 கோவிட் நோயாளிகளில் 101 பேரின் இரத்தத்தில், அவர்களுடைய சொந்த இன்டர்ஃபெரான்களையே செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள்கள் காணப்பட்டன. கடுமையாக நோயுற்ற ஒருவரிடம் இன்டர்ஃபெரானின் விளைவுகள் எதிர்பாராத அளவு குறைந்திருந்தால், இந்தத் திசையிலும் தேடிப் பாருங்கள்.

நாளைக் கணக்கிடும் முறை

நோயாளி மருத்துவமனையில் சேர்ந்த நாளை முதல் நாளாகக் கொள்ளாதீர்கள். ஒருவர் அறிகுறி தோன்றிய இரண்டாம் நாளிலும் மற்றொருவர் ஒன்பதாம் நாளிலும் சேர்ந்திருக்கலாம்; அவ்விருவரின் புரத அளவுகளையும் ஒரே பத்தியில் வைத்து ஒப்பிட்டால் கிடைப்பது நோயின் கடுமையில் உள்ள வேறுபாடு அன்று, காலத்தில் உள்ள வேறுபாடு. முதல் அறிகுறி எந்த நாளில், எந்த வேளையில் தோன்றியது என்று நோயாளியிடமோ உடனிருப்பவரிடமோ பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

காலத்தின் முக்கியத்துவத்தைத் தெளிவாகக் காட்டியது, தன்னார்வலர்களுக்கு இன்ஃபுளுவென்சா ஏ வைரஸைத் திட்டமிட்டுச் செலுத்திச் செய்யப்பட்டு 1998இல் வெளிவந்த ஆய்வு. மூக்கைக் கழுவி எடுத்த நீரில் இன்டர்லூக்கின்-6, இன்டர்ஃபெரான் ஆல்ஃபா ஆகியவை இரண்டாம் நாளிலேயே உச்சத்தை அடைந்தன. வைரஸின் அளவும் காய்ச்சலும் மற்ற அறிகுறிகளும் அவற்றோடு ஒத்து ஏறின. இன்டர்லூக்கின்-8இன் உச்சமோ நான்காம் நாளுக்கும் ஆறாம் நாளுக்கும் இடையில்தான் வந்தது. ஐந்தாம் நாளில் ஒரே ஒரு மாதிரி எடுத்தவர், இன்டர்ஃபெரான் சுரக்கவே இல்லை என்றும் இன்டர்லூக்கின்-8தான் இந்நோயின் முதன்மைப் புரதம் என்றும் எழுதிவிட வாய்ப்புண்டு. இயன்றால் முதல் வாரத்தில் குறைந்தது மூன்று முறையாவது, ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரே வேளையில் மாதிரி எடுங்கள்.

எதிர்ப்பொருள்களுக்கு வேறு கணக்கு. முன்பு சந்தித்திராத வைரஸ் என்றால், இரத்தத்தில் ஐஜிஎம், ஐஜிஜி என்னும் எதிர்ப்பொருள் வகைகள் தெளிவாகத் தெரிய ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். முன் தொற்றோ தடுப்பூசியோ விட்டுச்சென்ற நினைவு இருந்தால் ஐஜிஜி இன்னும் விரைவாக ஏறும். நோயின் தொடக்கத்தில் ஒன்றும், இரண்டு முதல் நான்கு வாரங்கள் கழித்து ஒன்றுமாக இரு மாதிரிகளை எடுத்து, நான்கு மடங்கு உயர்வு உள்ளதா என்று பார்ப்பது இன்ஃபுளுவென்சா ஆய்வில் நெடுங்காலமாக நிலைத்த முறை.

மருந்துகளின் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் சைட்டோகைன்கள் (இன்டர்லூக்கின், இன்டர்ஃபெரான் போன்ற சமிக்ஞைப் புரதங்கள்) பலவற்றைத் தாழ்த்திவிடும். டோசிலிசுமாப் என்னும் மருந்து இதற்கு எதிரான குழப்பத்தை உண்டாக்கும்: அது இன்டர்லூக்கின்-6இன் ஏற்பியை அடைத்துவிடுவதால், ஏற்பியின் வழியாக அகற்றப்பட வேண்டிய புரதம் இரத்தத்திலேயே தங்கி, அளவு முன்னைவிட உயர்ந்து காணப்படும். நோயாளி தேறிக்கொண்டிருப்பார், சி-ரியாக்டிவ் புரதமும் இறங்கிக்கொண்டிருக்கும், இன்டர்லூக்கின்-6 மட்டும் ஏறும். மருந்து கொடுத்த நேரத்தை அறியாதவர் இதை நோய் முற்றுவதாகவே வாசிப்பார்.

மாதிரி எடுத்தல்

இரத்தத்தில் முதலில் முடிவு செய்ய வேண்டியது சீரமா, உறையவிடாமல் பிரித்த பிளாஸ்மாவா என்பது. இரத்தம் உறையும்போது தட்டணுக்களும் வெள்ளணுக்களும் தம்முள் வைத்திருந்த புரதங்களை வெளியே விடுகின்றன. சீரத்தில் சில கீமோகைன்களும் இரத்தநாள வளர்ச்சிக் காரணியும் உயர்ந்து தெரிவதற்கு இதுவே காரணம். சைட்டோகைன்களுக்கு ஈடிடிஏ என்னும் உறைதடுப்பான் உள்ள குழாயில் எடுத்த பிளாஸ்மாவையே நான் விரும்புகிறேன். மற்றோர் உறைதடுப்பானான ஹெப்பாரின் பல கீமோகைன்களோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. எதைத் தேர்ந்தாலும், ஆய்வு முழுவதும் அதையே பயன்படுத்துங்கள். பாதி பேருக்குச் சீரமும் பாதி பேருக்குப் பிளாஸ்மாவும் எடுத்த ஆய்வைப் பின்னால் எந்தப் புள்ளியியலாலும் சரிசெய்ய முடியாது.

எடுத்த குழாயை மெதுவாகக் கவிழ்த்துக் கலந்து, குளிர்ந்த நிலையில் வைத்து, இயன்றவரை இரண்டு மணி நேரத்துக்குள் புவியீர்ப்பு விசையின் 1,000 முதல் 2,000 மடங்கு விசையில் 10 முதல் 15 நிமிடங்கள் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றுங்கள். மேலே தெளிந்த பிளாஸ்மாவைப் பிரித்தெடுத்து இன்னொரு முறை சுழற்றினால் எஞ்சிய தட்டணுக்களும் நீங்கும். அவை நீங்காமல் உறைய வைத்தால், உருக்கும்போது உடைந்து, நோயாளியின் இரத்தத்தில் சுற்றிக்கொண்டிராத புரதத்தை உங்கள் மாதிரியில் சேர்த்துவிடும். பிளாஸ்மா சிவந்திருந்தால் அதைக் குறிப்பேட்டில் கட்டாயம் எழுதுங்கள். சிவப்பணுக்கள் தம் மேற்பரப்பில் இன்டர்லூக்கின்-8ஐப் பிடித்து வைத்திருப்பவை என்பதால், அவை உடைந்த மாதிரியில் அதன் அளவை நம்ப இயலாது.

மூக்குநீருக்கு வழிகள் பல, அவை தரும் எண்களும் பல. உப்புக்கரைசலை 5 முதல் 10 மில்லிலிட்டர் வரை மூக்கினுள் செலுத்தித் திரும்பப் பெறும் முறையில், நிறைய நீர் கிடைக்கும். ஆனால் எவ்வளவு நீர்த்தது என்பது ஆளுக்கு ஆள் மாறும். உறிஞ்சும் செயற்கைத் தாள்பட்டையை மூக்கின் உட்சுவரில் ஒன்றிரண்டு நிமிடம் வைத்து எடுப்பது, நோயுற்ற குழந்தைகளும் பொறுத்துக்கொள்ளும் முறை, நீர்த்தலும் இல்லை. பட்டையை வைப்பதற்கு முன்னும் எடுத்த பின்னும் எடை போட்டால், எவ்வளவு திரவம் ஊறியது என்பது கிடைத்துவிடும். இருக்கும் முறைகளில் நான் பரிந்துரைப்பது இதையே.

வைரஸ் கண்டறிய எடுத்த தொண்டைக் குச்சியின் மிச்சத்தில் புரதத்தையும் அளந்துவிடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். அளக்கலாம், ஆனால் அந்தக் குச்சியை இடும் ஊடகத்தில் பல வேளைகளில் மாட்டு ஆல்புமினோ ஜெலட்டினோ கலந்திருக்கும். மொத்தப் புரத அளவால் வகுத்துச் சரிசெய்யும் வழக்கமான கணக்கு அங்கே முற்றிலும் பொய்த்துவிடும், ஏனெனில் நீங்கள் வகுப்பது நோயாளியின் புரதத்தால் அன்று, ஊடகம் செய்தவர் சேர்த்த புரதத்தால். அப்படி ஒரு தொகுப்பை முழுவதுமாக ஒதுக்க வேண்டி வந்த நாளை நான் இன்னும் மறக்கவில்லை. காய்ச்சலோடு வரிசையில் நின்றவர்கள் கொடுத்த மாதிரிகள் அவை.

உமிழ்நீரைத் தூண்டுதல் இல்லாமல், உண்ட பின் ஒரு மணி நேரமாவது கழித்து, வாயைக் கழுவிச் சிறிது பொறுத்து, தலையைச் சாய்த்துக் குழாயில் தானாக வழியவிட்டுச் சேகரியுங்கள். பஞ்சுச் சுருளில் ஊறவைத்து எடுப்பது வசதிதான். ஆனால் பஞ்சு ஐஜிஏவின் அளவை மாற்றிவிடும். உமிழ்நீர் சுரக்கும் வேகம் குறைந்தால் ஐஜிஏவின் செறிவு கூடித் தெரியும், அதுவும் காய்ச்சலில் நீர் வற்றிய நோயாளியிடம் இது மிகுதி. ஆகவே சேகரித்த நேரத்தையும் கனஅளவையும் குறித்து, நிமிடத்துக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று சுரப்பு வேகமாகக் கணக்கிடுங்கள்.

இருமிக் கக்கும் சளியின் கெட்டித்தன்மையைத் தளர்த்த டைத்தியோத்ரைட்டால் சேர்ப்பது செல்களை எண்ணுவோரின் பழக்கம். அது சளியின் கந்தகப் பிணைப்புகளை உடைப்பதைப் போலவே, எதிர்ப்பொருள்களிலும் பல சைட்டோகைன்களிலும் உள்ள அதே பிணைப்புகளையும் உடைக்கிறது. புரதம் அளக்கப் போகும் சளியை வெறும் பஃபர் உப்புக்கரைசலில் கலக்கிச் சுழற்றி எடுப்பதே பாதுகாப்பானது. நுரையீரல் கழுவுநீரை மருத்துவக் காரணத்துக்காக எடுக்கும்போது கிடைப்பதை மட்டும் பயன்படுத்துங்கள். செலுத்திய நீரின் அளவு, திரும்பி வந்த அளவு ஆகிய இரண்டையும் மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள்.

வைரஸைச் செயலிழக்கச் செய்தல், உறைய வைத்தல்

எல்லா மாதிரிகளையும் தொற்றக்கூடியவையாகவே கருதி, உயிர்ப் பாதுகாப்புப் பெட்டகத்துக்குள் கையாளுங்கள். 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்குவது, நிரப்பிகள் எனப்படும் இரத்த நோயெதிர்ப்புப் புரதங்களை அழித்துவிடும். சில சைட்டோகைன்களையும் குறைக்கும். ட்ரைட்டான் எக்ஸ்-100 போன்ற சோப்புப் பொருள் புரதங்களுக்கு அவ்வளவு தீங்கு செய்யாது. ஆனால் அது கொழுப்புறை கொண்ட இன்ஃபுளுவென்சா, கொரோனா, ஆர்எஸ்வி போன்ற வைரஸ்களையே செயலிழக்கச் செய்யும். ரைனோ வைரஸுக்கும் அடினோ வைரஸுக்கும் அந்த உறை இல்லை. சோப்பு சேர்த்தாயிற்று என்று நம்பி அவற்றைத் திறந்த மேசையில் கையாளக் கூடாது.

ஒவ்வொரு மாதிரியையும் சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒரு முறை உருக்கிய பங்கை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

அளவீடு

எலைசா 1971 முதல் பயன்பாட்டில் உள்ள முறை. ஒரு புரதத்தை இரண்டு எதிர்ப்பொருள்களுக்கு இடையில் பிடித்து நிறத்தால் அளப்பது இங்கு வழக்கமான வடிவம். எதிர்ப்பொருள் பூசிய நுண்மணிகளால் ஒரே துளியில் பல புரதங்களை அளக்கும் மணிமுறைக் கருவிகளும் உள்ளன. மாதிரி குறைவாக இருந்தால் அவை வரம். ஆனால் ஒவ்வொரு புரதத்துக்கும் உகந்த நீர்த்தல் வேறு என்பதால், இன்டர்லூக்கின்-8 அளவுகோலின் உச்சியைத் தாண்டும், சோதனைத் தட்டின் அதே குழியில் இன்டர்ஃபெரான் அடிமட்டத்துக்குக் கீழே கிடக்கும்.

விற்பனைக்கு வரும் சோதனைப் பெட்டிகள் பெரும்பாலும் சீரத்துக்கும் பிளாஸ்மாவுக்கும் சோதித்துச் சரிபார்க்கப்பட்டவை. உமிழ்நீருக்கும் மூக்குநீருக்கும் அவை பொருந்துமா என்பதை நீங்களே உறுதிசெய்ய வேண்டும். அளவு தெரிந்த புரதத்தை உங்கள் திரவத்தில் சேர்த்து அளந்தால், சேர்த்ததில் 80 முதல் 120 விழுக்காடு திரும்பக் கிடைக்க வேண்டும். அடுத்து, அதே மாதிரியை இரண்டு, நான்கு, எட்டு மடங்கு நீர்த்து அளந்து, நீர்த்தலால் பெருக்கிய விடைகள் ஒத்து வருகின்றனவா என்று பாருங்கள். நீர்க்க நீர்க்க விடை ஏறிக்கொண்டே போனால், சளியின் மியூசின் போன்ற ஏதோ ஒன்று தடுக்கிறது அல்லது புரதம் அளவுக்கு மிஞ்சி இருக்கிறது என்று பொருள். பயன்படுத்தாத தாள்பட்டையையும் அதே பஃபரில் ஊறவைத்து வெற்று மாதிரியாக அளக்க மறவாதீர்கள்.

சீரத்திலும் பொறிகள் உண்டு. முடக்குவாதக் காரணி முதலிய சில எதிர்ப்பொருள்கள், அளக்க வேண்டிய புரதம் இல்லாமலேயே சோதனையின் இரு எதிர்ப்பொருள்களையும் இணைத்துப் பொய்யான உயர்வைக் காட்டும். மிகுந்த அளவில் பயோட்டின் என்னும் வைட்டமின் மாத்திரை உட்கொள்வோரிடம், பயோட்டின்-ஸ்ட்ரெப்டாவிடின் பிணைப்பை நம்பிய இத்தகைய சோதனைகள் பொய்யான தாழ்வைக் காட்டும்.

ஒரே நோயாளியின் எல்லா நாள் மாதிரிகளையும் ஒரே தட்டில் இடுங்கள். கடுமையான நோயாளிகள் ஒரு தட்டிலும் லேசான நோயாளிகள் இன்னொரு தட்டிலும் போய்விட்டால், தட்டுகளின் வேறுபாடு நோயின் வேறுபாடாக வேடமிடும். ஒவ்வொரு மாதிரியையும் இரட்டையாக இட்டு, எல்லாத் தட்டுகளிலும் ஒரே கட்டுப்பாட்டு மாதிரியையும் சேர்த்துவிடுங்கள்.

எண்களைக் கையாளுதல்

கழுவி எடுத்த திரவங்களில் நீர்த்தலைச் சரிசெய்ய யூரியா உதவுகிறது. அது சவ்வுகளைத் தடையின்றிக் கடப்பதால், மூச்சுப்பாதையின் மேற்படல நீரிலும் பிளாஸ்மாவிலும் ஏறக்குறைய ஒரே செறிவில் இருக்கும். பிளாஸ்மாவில் டெசிலிட்டருக்கு 30 மில்லிகிராமும் கழுவுநீரில் 1 மில்லிகிராமும் இருந்தால், நீர்த்தல் 30 மடங்கு. அப்போது கழுவுநீரில் மில்லிலிட்டருக்கு 20 பிக்கோகிராம் என அளந்த இன்டர்லூக்கின்-6, மேற்படல நீரில் 600 பிக்கோகிராம் ஆகும். இரண்டு யூரியாவும் ஒரே நாளில் எடுத்தவையாக இருக்க வேண்டும். கழுவுநீர் நெடுநேரம் உள்ளே தங்கினால் கூடுதல் யூரியா ஊறி வந்து கணக்கைக் கெடுக்கும். இதே வேலைக்கு ஆல்புமினைப் பயன்படுத்த வேண்டாம்; அழற்சியால் கசியும் நுரையீரலுக்குள் இரத்தத்தின் ஆல்புமினே நேரடியாக வந்துவிடுகிறது.

கண்டறியும் எல்லைக்குக் கீழே உள்ள மாதிரிகளைச் சுழி என எழுதாதீர்கள். எல்லைக்குக் கீழ் என்றே குறித்து, அத்தகைய தரவுகளுக்கு உரிய புள்ளியியல் முறையைக் கையாளுங்கள். சைட்டோகைன் அளவுகள் ஒரு சிலரிடம் நூறு மடங்கு வரை உயர்வதால், சராசரியைவிட இடைநிலை எண்ணும் மடக்கை அளவுகோலும் உண்மைக்கு நெருக்கமானவை. சைட்டோகைன்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதைக் குறிக்கும் சைட்டோகைன் புயல் என்ற சொல்லையும் எச்சரிக்கையாகப் பயன்படுத்துங்கள். கடுமையான கோவிட் நோயாளிகளின் இரத்தத்தில் இருந்த இன்டர்லூக்கின்-6, புற்றுநோய்க்கான டி-செல் சிகிச்சையின் பின்விளைவில் காணப்படுவதைவிடப் பெரும்பாலும் மிகவும் குறைவாகவே இருந்தது.

வெவ்வேறு நிறுவனங்களின் பெட்டிகள் ஒரே மாதிரிக்கு வெவ்வேறு எண்களைத் தரும். உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுத் தரப்பொருள்கள் இன்டர்லூக்கின்-6 உள்ளிட்ட பல சைட்டோகைன்களுக்கு உள்ளன; கொரோனா வைரஸ் எதிர்ப்பொருள்களுக்கும் 2020 டிசம்பரில் ஒன்று ஏற்கப்பட்டு, பிணைப்பு எதிர்ப்பொருளை மில்லிலிட்டருக்கு இத்தனை அலகு என்று எழுதும் வழக்கம் அதிலிருந்து வந்தது. உங்கள் பெட்டியின் அளவுகோலை அத்தகைய தரப்பொருளோடு ஒரு முறையாவது ஒப்பிட்டு, மாற்று விகிதத்தைக் குறித்து வையுங்கள். பெட்டியின் தொகுதி எண் மாறும் ஒவ்வொரு முறையும் பழைய தொகுதியில் அளந்த சில மாதிரிகளைப் புதியதிலும் அளக்க வேண்டியிருக்கும். அதற்காகவே, ஒவ்வொரு நோயாளியின் ஒரு சிறு பங்கையாவது ஒருமுறைகூட உருக்காமல் உறைபெட்டியில் தனியே ஒதுக்கி வையுங்கள்.